அலைமகள் மண்டபத்தில் மார்கழி

பத்தே முக்காலுக்கு வருவார்கள். இப்போது ஒன்பதே முக்கால். ஒரு மணி நேரம் எனக்குப் பெரிய காரியம் இல்லை, ஒரு மணி நேரத்தில் இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்து, சாம்பார் கூட்டி, முட்டை உரித்து வைத்திருக்கிறேன், கைக்கு வேலை இருந்தால் நேரம் தானாக ஓடும். இப்படிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆகாது. சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம், அது முடிந்து கால் மணி கழித்து வருகிறோம் என்று பண்ருட்டி சம்பந்தியம்மா நேற்றே போனில் சொல்லிவிட்டார். அதிலும் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வருகிறோம் என்று சொல்லவில்லை. மார்கழியில் யாராவது கல்யாணக் காரியத்துக்குக் கிளம்புவார்களா? கோயிலுக்கு வருகிறார்களாம், வந்த இடத்தில் கால் வலிக்கிறதாம், மண்டபத்தில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகிறார்களாம். சாமிக்கே கண்ணைக் கட்டுகிற கெட்டிக்காரத்தனம். என் வீட்டுக்காரர் அவர்களோடு கோயிலில் நிற்கிறார், கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் இங்கே அலைமகள் திருமண மண்டபத்தில், ஒரு ஈ காக்கை இல்லாத கூடத்தில், தனியாக உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது மணி வரைக்கும் இங்கே முப்பத்தோரு பேர் இருந்தார்கள். இப்போது இல்லை. மருந்து அடிக்கிறார்கள், கொசு மருந்து, பன்னிரண்டு மணி வரை யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன். எந்த மருந்தும் அடிக்கவில்லை. மேலாளர் வரதன்தான் காலையிலிருந்தே மூலைக்கு மூலை ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு போகிறான்.

கூடம் நன்றாகத்தான் இருக்கிறது. இருக்காதா பின்னே, தினமும் காலையில் அவர்களே பெருக்கி, பினாயில் விட்டுத் துடைக்கிறார்கள். போன வருஷம் தை முதல் முகூர்த்தத்துக்கு வந்த நாதஸ்வரக்காரர், எந்த மண்டபத்திலும் இப்படிச் சுத்தத்தைப் பார்த்ததில்லை என்றார், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்குத் தலை கால் புரியவில்லை. கடலூர் முதுநகரில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம், மார்கழி மண்டபம் எது என்று. கை காட்டுவார்கள். சத்துணவு டீச்சர் மண்டபம் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள், டீச்சர் இல்லை, அமைப்பாளர் என்று இருபத்திரண்டு வருஷமாகத் திருத்துகிறேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மார்கழி. பேருந்து நிலையத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் படுப்பார், பச்சைத் துண்டு கட்டியிருப்பார், பள்ளிக்கூடம் போகிற வழியில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவேன். அன்றைக்கும் கொடுத்தேன். தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பி வரும்போது டீ அப்படியே இருந்தது, மேலே ஆடை கட்டி, ஈ மொய்த்து. ராத்திரிப் பனியில் விறைத்துப் போயிருக்கிறார், காலையில் நான் டீ வைத்தது ஒரு பிணத்தின் தலைமாட்டில். நம்ம ஊரில் என்ன குளிர், வடக்கேயா இருக்கிறோம் என்று சொல்பவர்கள் மார்கழியில் ஒரு நாள் இந்தக் கடற்காற்றில், ஈரச் சிமென்டுத் தரையில் படுத்துப் பார்க்கட்டும். அந்தப் பெரியவர் பேர்கூட எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன், மறுநாள் அழுகை போய்க் கோபம் வந்தது. கோபம்தான் எனக்குத் தோதான சரக்கு. நேரே மண்டபத்து முதலாளி வீட்டுக்குப் போய் நின்றேன். மார்கழி முப்பது நாளும் ஒரு கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, உங்க மண்டபம் பூட்டித்தானே கிடக்குது, தெருவுல படுக்கிறவங்க இங்க படுக்கட்டுமே என்று கேட்டேன். அவர் பல் குத்திக்கொண்டே யோசித்தார். "பூட்டி வச்சா வவ்வாலு குடியிருக்குது. மனுசன் இருந்தா என்னா, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான், தீர்மானமும் இல்லை, கூட்டமும் இல்லை. அந்தச் சாவி கையில் எவ்வளவு கனமாக இருந்தது என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அப்புறம் ஊரே வந்தது. எனக்கு இந்த ஊர்மேல் ஆயிரம் குறை உண்டு, சாக்கடை, சண்டை, பேச்சு, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊரை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் விட மாட்டேன். பள்ளிவாசலில் இருந்து பாய் வந்தது, நாற்பது கோரைப்பாய், புதுசு. மாதா கோயில் சிஸ்டர் வாரம் ஒருமுறை வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார். மீன்காரப் பெண்கள், ஏலம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை சங்கரா, மத்தி என்று கூடையில் போட்டு அனுப்புவார்கள், அதிலேதான் முதல் வருஷம் பெரிய ரகளை. இது சைவச் சமையற்கட்டு, ஐயர் வந்து சமைக்கிற அடுப்பு, இதில் மீனா என்று வரதன் குதித்தான். ஆனால் பனியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மீன் குழம்பு வேண்டியிருக்கிறதே, என்ன செய்ய. கொல்லையில் பாதாம் மரத்தடியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். சோறு உள்ளே, குழம்பு வெளியே. இப்போது வரதன்தான் முதல் ஆளாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போகிறான். முடி வெட்டுகிற தட்சிணாமூர்த்தி வந்தது அதைவிடக் கூத்து. செவ்வாய்க்கிழமை அவன் கடைக்கு லீவு, அதனால் செவ்வாய் தோறும் வந்து எல்லோருக்கும் இலவசமாக முடி வெட்டி, சவரம் செய்கிறேன் என்றான். நல்ல மனசு. கத்திரியும் கையுமாக வந்து உட்கார்ந்தால் ஒருவர்கூட எழுந்து வரவில்லை. செவ்வாய்க்கிழமை யாராவது முடி வெட்டுவார்களா என்கிறார்கள். பேருந்து நிலையத்தில் பத்து வருஷம் படுத்த மனுஷன், வீடு இல்லை, வாசல் இல்லை, கிழமை மட்டும் இருக்கிறது. நான் முதலில் திட்டினேன். அப்புறம் யோசித்தால், ஏன் இருக்கக் கூடாது, எனக்கு இருக்கிற கிழமை அவர்களுக்கு இருக்கக் கூடாதா? பாண்டுரங்கன்தான் அதைச் சொன்னார், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இப்போது இடுப்பு போய்விட்டது. "கிழமையையும் விட்டுட்டா அப்புறம் எங்ககிட்ட என்னாம்மா இருக்குது" என்றார். தட்சிணாமூர்த்தி இப்போது புதன்கிழமை காலையில் கடையைத் தாமதமாகத் திறக்கிறான்.

இதையெல்லாம் நான் சம்பந்தியம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, வடைத் தட்டை நீட்டும்போதே, நான் இப்படி ஒரு காரியம் செய்கிறேன் சம்பந்தி, தெரியுமா என்று. எவ்வளவு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், பெருமை பீற்றுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கமலவேணியம்மா, அதுதான் சம்பந்தியம்மா, வடையைப் பிட்டுக்கொண்டே, அவர் அக்கா மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். "மண்டபத்து வாசல்ல வரிசையா பிச்சக்காரங்க. பட்டுப்பொடவயக் கட்டிக்கினு உள்ள போவவே சங்கடமாப் போச்சு. மண்டபம் பாக்குறப்ப அக்கம்பக்கம் பாத்துக்கணும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். என் மகள் நித்யகலா கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், இருபத்தொன்பது வயது, மூன்று இடம் வந்து பேசித் தட்டிப்போனது, ஒன்று ஜாதகம், ஒன்று உயரம், ஒன்று என்னவென்றே தெரியாது, போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இந்தப் பையனைப் பார்த்துவிட்டு அன்றைக்கு அவள் சமையற்கட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டு டம்ளர் கழுவினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். "ஆமாங்க சம்பந்தி, பாத்துக்கணும்" என்றேன். ஆமாங்க என்று சொன்னேனே. ஒரு டீ டம்ளரைப் பிணத்துக்குப் பக்கத்தில் வைத்தவள், சாவியைக் கேட்டு வாங்கியவள், ஆமாங்க என்று தலையாட்டினாள். மருந்து அடிக்கிற யோசனையை வரதன் சொன்னான் என்று சொல்லிக்கொண்டால் எவ்வளவு வசதியாக இருக்கும். அவன் சொல்லவில்லை. "இருந்துட்டுப் போறாங்க டீச்சர், அவங்க பாட்டுக்கு ஒரு ஓரமா இருப்பாங்க" என்றுதான் அவன் சொன்னான். நான்தான் சொன்னேன். மூன்று மணி நேரம்தானே என்றேன். முப்பத்தோரு பேருக்கு மூன்று மணி நேரம், இதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்றேன்.

எவ்வளவு ஒழுங்காகப் போனார்கள். அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. ஒருவராவது முணுமுணுத்திருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். பாயைச் சுருட்டி மேடைக்குப் பின்னால் அடுக்கினார்கள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்கள். மருந்து சாமான்மேல் படக் கூடாது என்று பாண்டுரங்கன் அவரவர் மூட்டையை அவரவரே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு பை, ஒரு தகர டப்பா, ஒரு போர்வை, சிலருக்கு ஒரு சாமி படம். செல்லக்கிளிக் கிழவி மட்டும்தான் கடைசியாக எழுந்தாள். நேற்றிலிருந்து காய்ச்சல். சிஸ்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், மூன்று நாள் அசையாமல் படுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், அதைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவளை மட்டும் மாடியில் ஒரு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கமலவேணியம்மா மாப்பிள்ளை அறையைப் பார்க்காமல் போவாரா, மாடிக்குத்தான் முதலில் ஏறுவார். அப்புறம் மருந்து அடிக்கிற இடத்தில் காய்ச்சல்காரியை விட்டுவைத்தால் பொய் தெரிந்துவிடுமே. ஒரு பொய்க்குக் காவலாக ஒரு கிழவியை வெளியே அனுப்பினேன். பாண்டுரங்கன் தன் போர்வையையும் அவளுக்குச் சுற்றிவிட்டு, தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். போகும்போது அவள் என்னைப் பார்த்தாள். வழக்கமாக என்னைப் பார்த்தால் ஏதாவது கேலி சொல்வாள், டீச்சரம்மா புடவ புதுசா, மாப்ள வாங்கித் தந்ததா என்று. இன்றைக்கு நான் உண்மையாகவே புதுப்புடவை கட்டியிருக்கிறேன், மாம்பழ நிறம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் நாக்கு, அதனால்தான் சொல்லவில்லை. அதனால்தான்.

போன் அடிக்கிறது, என் வீட்டுக்காரர் என்று பாய்ந்து எடுத்தால் நித்யகலா. வேலை பார்க்கிற இடத்திலிருந்து பேசுகிறாள். "வந்துட்டாங்களாம்மா?" என்கிறாள். இல்லை என்கிறேன். "செல்லக்கிளி ஆயாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?" என்கிறாள். இவள் ஏன் இதைக் கேட்க வேண்டும். இவளுக்கு நான் எதையும் சொல்லவில்லை, சொன்னால் விட மாட்டாள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை, என் பெண்ணல்லவா. ம் என்கிறேன். "உள்ள கதவோரமா படுக்க வைக்காதம்மா, காத்து வரும்" என்கிறாள். ம் என்கிறேன். போனை வைத்துவிட்டாள். உள்ளே கதவோரம். நான் செல்லக்கிளியைக் கடலோரத்துக்கே அனுப்பி வைத்திருக்கிறேன். வலை பின்னும் கூடத்தில் உட்காரச் சொன்னேன், கூரை இருக்கிறது, ஒன்றும் ஆகாது. கூரை இருக்கிறதுதான். ஆனால் இரண்டு நாளாகக் கடல் சரியில்லை, படகு போகவில்லை, போகாத நாளில் அத்தனை ஆண்களும் வலையைப் பரப்பிக்கொண்டு அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். இது எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? வாசலில் சிமென்டுத் தரையில் ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. தூறல். வரதன் ஊதுபத்தியோடு வந்து என் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கவில்லை. நிற்கும் தூறலா, பிடிக்கும் தூறலா? மார்கழித் தூறல் பிடித்தால் லேசில் விடாது. இன்னும் அரை மணி நேரத்தில் அவர்கள் வந்துவிடுவார்கள், பார்ப்பார்கள், நல்லா இருக்குது என்பார்கள், போய்விடுவார்கள், உடனே ஓடிப்போய் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து, மிளகு ரசம் வைத்து, செல்லக்கிளிக்குக் கஞ்சி வைத்து, எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்டிவிடலாம். அன்றைக்கு அந்த டீயையும் சாயங்காலம்தான் போய்ப் பார்த்தேன். இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது, வேறு பக்கம் திருப்பினாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. நித்யகலா டம்ளர் கழுவிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும், அவள் சிரிக்க வேண்டும், அதற்காகத்தானே நான் இத்தனை வருஷம் அடுப்புப் புகையில் நின்றேன். ஆனால் நாளைக்கு அவள் கேட்பாள். அம்மா, எனக்காகவா அந்த ஆயாவை மழையில் நிறுத்தின என்று கேட்பாள். அவள் சிரிப்பை நானே அவளிடமிருந்து பிடுங்கினதாகிவிடும். போன் ஒரு முறை அடித்து நிற்கிறது. மிஸ்டு கால். கிளம்பிவிட்டார்கள். ராகு காலம் முடியக்கூட இல்லை, இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, மழையைப் பார்த்துப் பயந்து கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. கோயிலிலிருந்து இங்கே காரில் கால் மணி. நான் எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, செருப்பு ஒரு காலில் இருக்கிறது, வரதன் குடையை நீட்டுகிறான், அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. வாங்கிக்கொண்டு நடக்கிறேன்.

மாம்பழ நிறப் புடவை நனைந்து காலில் ஒட்டுகிறது. நான் ஓடுகிறேன், ஐம்பத்து மூன்று வயதில், குடை ஒரு பக்கம், புடவை ஒரு பக்கம். நினைத்தது மாதிரியேதான். வலை பின்னும் கூடம் முழுக்க வலை, ஆட்கள். நம் ஆட்கள் வெளியே சுவரோடு சுவராக வரிசையாக நிற்கிறார்கள், மூட்டையைத் தலைமேல் வைத்துக்கொண்டு. வலைக்காரர்கள் இடம் கொடுக்காமல் இல்லை, உள்ளே வலையை ஒதுக்கிச் செல்லக்கிளியை உட்கார வைத்திருக்கிறார்கள், ஒருவர் தன் சட்டையைக் கழற்றி அவள்மேல் போட்டிருக்கிறார். என் ஊர். "டீச்சரம்மா, மருந்து முடிஞ்சிதா?" என்கிறார் பாண்டுரங்கன். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன். "மருந்து இல்லீங்க. மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல. என் பொண்ணுக்குச் சம்பந்தி வராங்க. அவங்க கண்ணுல நீங்க படக்கூடாதுன்னு நான்தான் பொய் சொன்னேன். தப்பு" என்கிறேன். இருநூறு பிள்ளைகளை அதட்டுகிற குரல், அரைக்கால் குரலாகத்தான் வெளியே வந்தது. எனக்கு அவர்கள் திட்ட வேண்டும் போலிருந்தது. பாண்டுரங்கன் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கினார். "ஊதுபத்தி வாசன வந்துதும்மா காலையிலேயே. கொசு மருந்துக்கு யாரு ஊதுபத்தி கொளுத்துறாங்க" என்றார். கோபமாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா தெரியவில்லை. கொஞ்சம் கோபம்தான். அது நியாயம்தான். "கூப்டு கேட்டிருந்தா நாங்களே போயிருப்போம். பொய் சொல்லி அனுப்புனதுதான் ஒரு மாதிரி ஆயிப்போச்சு" என்றார். செல்லக்கிளிதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "போதும்யா, மழையிலயா பஞ்சாயத்து? சம்பந்தி வர நேரத்துக்குப் பொண்ணுக்கு அம்மா இங்க நின்னா யாரு வாங்கன்னு சொல்லுறது?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன், கொதித்தது. குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். "எல்லாரும் வாங்க" என்றேன். பாண்டுரங்கன் அசையவில்லை. "எந்த வாசல் வழியா வரணும்?" என்றார். "முன்வாசல்" என்றேன்.

முப்பத்தோரு பேர், நான், ஒரு குடை. தெருவில் இருக்கிறவர்கள் வெளியே வந்து பார்க்கிறார்கள், பார்க்கட்டும், நான் நிமிர்ந்து நடக்கிறேன், புடவையெல்லாம் சேறு, ஆனால் காலையிலிருந்து இப்போதுதான் எனக்கு முதுகு நேராக இருக்கிறது. நித்யகலாவுக்கு இந்த இடமும் தட்டிப்போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, போகக் கூடாது, போகக் கூடாது என்றுதான் ஒவ்வொரு அடிக்கும் நினைக்கிறேன், நினைத்துக்கொண்டே நடக்கிறேன், திரும்பவில்லை. மண்டபத்து முன்வாசலில் வெள்ளைக் கார் நிற்கிறது. என் வீட்டுக்காரர் இறங்கி நின்று எங்களைப் பார்த்தவர் பார்த்தபடி நிற்கிறார். கமலவேணியம்மா பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் நிற்கிறார். வாசலை அடைத்துக்கொண்டு நாங்கள் வந்து நிற்கிறோம், எல்லோர் தலையிலும் தண்ணீர் சொட்டுகிறது. அவர் என்னை மேலிருந்து கீழே பார்க்கிறார், பிறகு எனக்குப் பின்னால் வரிசை எங்கே முடிகிறது என்று எட்டிப் பார்க்கிறார். "இவங்கல்லாம் யாரு சம்பந்தி?" என்கிறார். மூன்று வருஷப் பெருமையும் என் நாக்கு நுனியில் நிற்கிறது, பாய், மீன், சிஸ்டர், பச்சைத் துண்டுப் பெரியவர், எல்லாம். அதில் ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. "பொண்ணு வீட்டுக்காரங்க" என்கிறேன். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போகிறது. அவர் வாயைத் திறப்பதற்குள், என் தோளில் சாய்ந்திருந்த செல்லக்கிளி போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்தாள், பெண் வீட்டில் மூத்தவள் செய்கிற மாதிரி முறையாகக் கும்பிட்டாள். "வாங்க, வாங்க, மழையில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றாள். கும்பிட்டவர்களைத் திருப்பிக் கும்பிடாமல் இருக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. கமலவேணியம்மா தூக்கிப் பிடித்திருந்த பட்டுப்புடவையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.